லைப்ரரி கார்டு வாங்க அஞ்சு தடவை அலைஞ்சேன் – நீங்க போறதுக்கு முன்னாடி இதை படிச்சிட்டு போங்க

மொத தடவை நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை. கேட்ல பூட்டு. பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற அண்ணன்தான் சொன்னாரு, வெள்ளிக்கிழமை லீவும்மா நாளைக்கு வாங்கன்னு. எங்க ஊர் கிளை நூலகம் ஞாயித்துக்கிழமை தொறந்திருக்கும், வெள்ளிதான் லீவு, அதோட காலைல கொஞ்ச நேரம் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான், மதியம் பூட்டிருவாங்க. பத்து வருஷமா அந்த வழியாத்தான் மார்க்கெட்டுக்கு போறேன், எனக்கே தெரியல. அதனால மொதல்ல வாசல்ல இருக்கிற போர்டை போட்டோ எடுத்துக்கோங்க. வேலைக்கு போறவங்க மதியம் லஞ்ச் டைம்ல எட்டிப் பாக்கலாம்னு நினைச்சா அந்த ட்ரிப் வேஸ்ட்.

எனக்கு வயசு 37. பி.ஏ. தமிழ் முடிச்சு, கல்யாணம் ஆகி, ரெண்டு பசங்களை வளர்த்து, இப்பத்தான் அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பரீட்சை எழுதலாம்னு முடிவு பண்ணியிருக்கேன். கோச்சிங் சென்டர்ல கேட்ட பீஸ் எங்களால முடியாது. பேப்பர்ல 200 கேள்வி, அதுல 100 தமிழ், தமிழ்ல 40 சதவீதம் எடுக்கலைன்னா மத்ததை திருத்தவே மாட்டாங்க. தமிழ் எனக்கு வரும், லைப்ரரில உக்காந்து பொது அறிவையும் கணக்கையும் பாத்துக்கிட்டா போதும்னு நினைச்சேன்.

ரெண்டாவது தடவை கவுன்ட்டர்ல இருந்தவர் கேட்ட மொத கேள்வி, "பாப்பா என்ன கிளாஸ்மா படிக்குது?" எனக்கு புரியல. "கார்டு பாப்பாவுக்குத்தானே?" எனக்குத்தான் சார்னு சொன்னேன். என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, உங்களுக்கான்னு திரும்பவும் கேட்டாரு. கெட்ட மனசோட கேட்டாருன்னு சொல்ல மாட்டேன். ஆனா அங்க நின்னப்போ முகமெல்லாம் சூடாயிருச்சு, அப்படியே திரும்பிடலாமான்னு கூட தோணுச்சு. லைப்ரரின்னா ஸ்கூல் பசங்களுக்கும் ரிட்டையர்டு ஆன ஆம்பளைங்களுக்கும்தான்னு நாமளே ஒதுங்கி ஒதுங்கி பழகிட்டோம், அதனாலதான் அவங்களுக்கும் அப்படி தோணுது. தயவுசெய்து வாங்க. நாலு பொம்பளைங்க வந்து உக்காந்தா அந்த கேள்வியே வராது.

பாரம் குடுத்தாரு. ரெண்டு போட்டோ, ஆதார் ஜெராக்ஸ், அப்புறம் பிணையம்னு ஒரு இடம், அதாவது நமக்கு பொறுப்பேத்துக்கிறவர் கையெழுத்து போடுற இடம், அதுல கெஜட்டட் ஆபிசர், அதான் உயர் பதவில இருக்கிற அரசு அதிகாரி, கையெழுத்து சீலோட வேணும்னாரு. இது ஊருக்கு ஊர் மாறுது, என் தங்கச்சிக்கு அவ ஊர்ல ஆதார் மட்டும் வாங்கிட்டு அன்னைக்கே கார்டு குடுத்துட்டாங்க. அதனால எங்க கிளைல கேட்டதைத்தான் நீங்க போற இடத்துலயும் கேப்பாங்கன்னு இல்ல. ஆனா மொத நாளே "என்னென்ன பேப்பர், யார் யார் கையெழுத்து, எந்த இங்க்" வரைக்கும் கேட்டு எழுதிக்கோங்க.

ஏன் இங்க்னு சொல்றேன் கேளுங்க. கெஜட்டட் ஆபிசரை நான் எங்க போய் தேடுவேன், எங்க சொந்தத்துல யாரும் அந்த அளவுக்கு வேலைல இல்ல. பையன் படிக்கிற அரசு மேல்நிலைப் பள்ளி ஹெச்.எம்.மும் கெஜட்டட் ஆபிசர்தான்னு அவர்கிட்ட போனேன், அவர் ட்ரெயினிங் போயிருந்தார், நாலு நாள் கழிச்சு திரும்ப போனேன், நல்ல மனுஷர், என்னம்மா பரீட்சை எழுதுறீங்களான்னு சந்தோஷமா விசாரிச்சுட்டு உடனே போட்டு குடுத்தார். அவசரத்துல மேஜை மேல இருந்த நீல பேனால போட்டுட்டார். நானும் கவனிக்கல. மூணாவது தடவை கவுன்ட்டர்ல அதே ஆள் பாரத்தை வாங்கி பாத்துட்டு, கெஜட்டட் ஆபிசர்னா பச்சை மைலதானே போடணும், இது பச்சை மை இல்லையேம்மா, செல்லாதுன்னு திருப்பி குடுத்துட்டாரு. சீல் இருக்கு, பேர் இருக்கு, ஸ்கூல் பேர் இருக்கு, ரெண்டு தெரு தள்ளித்தான் ஸ்கூல், போன் பண்ணி கூட கேட்டுக்கலாம். ஒண்ணும் நடக்கல. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அழுகையா வந்துச்சு. புஸ்தகம் படிக்கணும்னு வந்து நிக்கிறவகிட்ட போய் இப்படியா.

நாலாவது தடவை போனா நூலகரே இல்ல. அவர்கிட்டதான் நேரா பேசணும்னு போயிருந்தேன். ஆள் பற்றாக்குறைனால அவர் பக்கத்து ஊர் லைப்ரரியையும் கூடுதல் பொறுப்பா பாக்குறாராம், இங்க வாரத்துல மூணு நாள்தான் வருவாராம். இது அவர் தப்பு இல்ல, ஆனா எந்த மூணு நாள்னு எழுதி ஒட்டியிருந்தா எனக்கு ஒரு நாள் மிச்சம். வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்தணும்ங்கிறதை நூலகத்துக்கே ஒரு விதியா எழுதி வச்சவர் நம்ம சீர்காழியில பொறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். உள்ள அவர் போட்டோ மாட்டியிருக்கு. அன்னைக்கு அதை பாக்கும்போது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

அன்னைக்கு என் நல்ல நேரம், பேப்பர் மேஜைல ஒரு பெரியவர் உக்காந்திருந்தார். போஸ்ட் ஆபிஸ்ல இருந்து ரிட்டையர்டு ஆனவர், வாசகர் வட்டத்துல இருக்கார், நான் வந்து வந்து போறதை பாத்துக்கிட்டே இருந்திருக்கார். "என்னம்மா, இன்னுமா கார்டு தரல?" நான் நடந்ததெல்லாம் சொன்னேன். நிதானமா கேட்டுட்டு, "வீடு சொந்த வீடா? வீட்டு வரி ரசீது இருக்கா?"ன்னாரு. வீடு எங்க அத்தை பேர்ல இருக்குங்க ஐயா, அவங்கதான் வருஷா வருஷம் நகராட்சில கட்டுவாங்கன்னேன். "அந்த ரசீதை எடுத்து நல்லா பாரு, நூலக வரின்னு ஒரு வரி இருக்கும். சொத்து வரி ஒவ்வொரு ரூபாய்க்கும் மேல பத்து பைசா லைப்ரரிக்குன்னே வாங்குறாங்க. உங்க அத்தை காசுலதாம்மா இந்த ஃபேன் ஓடுது. அவங்களை பிணையமா எடுத்துக்க சொல்லி நூலகர்கிட்ட கேளு, நான் கூட இருக்கேன்."

வீட்டுக்கு வந்து பீரோல இருந்த ரசீது கட்டை எடுத்து பிரிச்சேன். அத்தை எல்லாத்தையும் வருஷ வாரியா நூல் போட்டு கட்டி வச்சிருக்காங்க. ஆமா, இருக்கு. சொத்து வரி, அதுக்கு கீழயே நூலக வரி, தனியா ஒரு தொகை. பழைய ரசீதுலயும் இருக்கு. அத்தை கிட்ட காட்டினேன், அவங்க மூக்குக் கண்ணாடியை போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சாங்க. "இத்தனை வருஷமா கட்டியிருக்கேன், ஒரு நாள் கூட உள்ள போனதில்லையேடி"ன்னாங்க.

அந்த ஐயா இன்னொண்ணும் சொன்னார், சுதந்திர இந்தியாவுல மொதல்ல பொது நூலகத்துக்குன்னு சட்டம் போட்டது நம்ம பக்கம்தான், 1948-ல, சென்னை மாகாணத்துல. அந்த சட்டத்துல இருந்துதான் இந்த வரியே வருது. இது தெரிஞ்சதுக்கு அப்புறம் எனக்கு கவுன்ட்டர்ல நிக்கிறப்போ இருந்த கூச்சம் போயிருச்சு. கெஞ்சி வாங்குற பொருள் இல்ல இது, நாம குடுத்த காசுல நடக்குறது.

அஞ்சாவது தடவை, நூலகர் இருக்கிற நாளா கேட்டு வச்சு, ரசீது ஒரிஜினல், ஜெராக்ஸ், அத்தையோட ஆதார், அத்தை கையெழுத்து போட்ட பாரம் எல்லாம் எடுத்துக்கிட்டு போனேன். ஐயாவும் பக்கத்துல நின்னார். நூலகர் ரசீதை பாத்தார், சரிம்மா இதுவே போதும்னார், பத்து நிமிஷத்துல முடிஞ்சுருச்சு. காப்புத்தொகை, சந்தா எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள்ளதான். என் போட்டோவை ஒட்டி, பாதி போட்டோ மேல பாதி அட்டை மேல விழுற மாதிரி வட்ட சீல் வச்சு குடுத்தார். காப்புத்தொகை ரசீதை பத்திரமா வச்சுக்கோங்க, பின்னாடி கார்டை ஒப்படைக்கும்போது பணம் திரும்ப கிடைக்கும், ரசீது இல்லைன்னா அதுக்கு வேற அலையணும்.

கார்டு கிடைச்சதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. எங்க கிளைல போட்டித் தேர்வு புஸ்தகம் ஒரே ஒரு ரேக்தான், அதுல பாதி குறிப்புதவி, வீட்டுக்கு தர மாட்டாங்க. ஸ்கூல் புக்ஸ் இருந்துச்சேன்னு ஆசையா எடுத்து ஒரு வாரம் குறிப்பெடுத்தேன், அப்புறம்தான் பாத்தா பழைய பாடத்திட்டம். 2018-ல இருந்து புது புக் வர ஆரம்பிச்சுருச்சு. ஒரு வாரம் உழைப்பு போச்சு. எந்த பாட புக் எடுத்தாலும் மொதல்ல உள்பக்கம் பதிப்பு வருஷம் பாருங்க. புது புக் எல்லாம் அரசு வெப்சைட்லயே பிடிஎஃப்ஆ இலவசமா இருக்கு, நான் அப்புறம் போன்ல எறக்கிக்கிட்டேன்.

அதனால மாவட்ட மைய நூலகத்துக்கு போக ஆரம்பிச்சேன், பஸ்ல முக்கால் மணி நேரம். அங்க போட்டித் தேர்வுக்கு தனி ஹால், காலைலேருந்து ராத்திரி வரைக்கும், மதிய பூட்டு கிடையாது, நல்லா இருக்கு. ஆனா மொத நாள் என் பையையும் நான் கொண்டு போன கைடையும் வெளியவே வைக்க சொல்லிட்டாங்க, சொந்த புக் உள்ள வரக்கூடாதாம். நோட்டு பேனா மட்டும்தான். அன்னைக்கு நான் போட்ட பிளானே போச்சு. சென்னைல இருக்கிறவங்களுக்கு இந்த கஷ்டம் இல்ல, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல சொந்த புக் கொண்டு வந்து படிக்கிறதுக்குன்னே தனி இடம் வச்சிருக்காங்க, சித்தி வீட்டுக்கு போனப்போ ரெண்டு நாள் அங்க போய் உக்காந்தேன், இடம் கிடைக்காம பசங்க காலைலயே வந்து வரிசைல நிக்கிறாங்க. அந்த மாதிரி ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஒரு ரூம் வேணும், இதை மனசார கேக்குறேன்.

ரொம்ப முக்கியமான விஷயம், சொல்ல கூச்சமா இருந்தாலும் சொல்லிடுறேன். மைய நூலகத்துல லேடீஸ் டாய்லெட் பூட்டியே இருந்துச்சு. சாவி ஆபிஸ்ல இருக்கு, கேட்டு வாங்கணும். ஒவ்வொரு தடவையும் ஆம்பளைங்க உக்காந்திருக்கிற ரூம்ல போய் சாவி கேக்கணும். சின்ன வயசு பொண்ணுங்க அதுக்கு பயந்துக்கிட்டு தண்ணியே குடிக்காம நாள் முழுக்க உக்காந்திருக்காங்க, ஒரு பொண்ணுக்கு மயக்கமே வந்துருச்சு. வாசல்ல ஆலோசனை பதிவேடுன்னு ஒரு நோட்டு கிடந்துச்சு, யாரும் எழுதின மாதிரி தெரியல. நான் ஒரு பக்கம் எழுதி தேதி போட்டு கையெழுத்து போட்டேன், எனக்கு கீழ பதினோரு பொண்ணுங்க கையெழுத்து போட்டாங்க. ரெண்டு வாரம் ஒண்ணும் நடக்கல. மூணாவது வாரம் போனா பூட்டு இல்ல, பக்கெட், மக் எல்லாம் புதுசா இருக்கு. வாயால சொன்னா காத்தோட போயிரும், பதிவேட்டுல எழுதுங்க.

இன்னொரு விஷயம், நோட்டீஸ் போர்டை விடாம படிங்க. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல தன்னார்வ பயிலும் வட்டம்னு இலவச கோச்சிங் நடக்குறதே எனக்கு அந்த போர்ட்லதான் தெரிஞ்சுது. லைப்ரரி ஹால்லயே ஞாயித்துக்கிழமை மாதிரி தேர்வு வைக்கிறாங்க, காசு கிடையாது, விடைத்தாளை திருத்தி கைல குடுத்துடுறாங்க. மொத டெஸ்ட்ல எனக்கு 200-க்கு 91 சரி, போன வாரம் 134. கணக்குதான் இன்னும் இழுக்குது.

கிளை நூலகத்துல இருந்து வீட்டுக்கு எடுக்கிற புக்ல ஒண்ணு இப்ப அத்தைக்கு. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா மாத்தணும், தவணை தேதியை நான் மறந்தாலும் அவங்க ஞாபகப்படுத்துறாங்க. போன தடவை எடுத்துட்டு வந்ததை நாலே நாள்ல முடிச்சுட்டு, உன் கார்டுல எனக்கு பத்தல, எனக்கு தனியா ஒண்ணு போடுன்னு சொல்லிட்டாங்க. பாரம் வாங்கி வச்சாச்சு. திங்கக்கிழமை நூலகர் வர்ற நாள், காலைலயே கூட்டிட்டு போறேன், வரி ரசீது ஒரிஜினலை அவங்களே எடுத்து பைல வச்சுக்கிட்டாங்க.