மாடியில் பறையும் சாக்ஸபோனும்
நேற்று மிஷன் வீதிப் பக்கம் ஒரு மொட்டை மாடிக் கச்சேரி. 40 பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். பிரான்சில் 1982-ல் தொடங்கிய ஜூன் 21 இசை நாளைப் புதுச்சேரியும் கொண்டாடும். மற்ற நாளில் இந்த மாதிரி மாடிகள்தான்.

ஜாஸ் வாசித்த தம்பி சாக்ஸபோனின் ஊதும் முனையில் பொருத்தும் நாணல் பட்டையை, அதாவது ரீடை, வாயில் ஊறவைத்துக்கொண்டே இருந்தான். நம்ம நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊறவைப்பாரே, அதே போல!

அப்புறம் பறை. கடற்காற்றில் தோல் தளர்ந்துவிட, தெருவில் இறங்கி அட்டைப்பெட்டியைக் கொளுத்திச் சூடு காட்டினார்கள். அதுவரை தம்பி சும்மா இருக்காமல் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தான். படியேறும்போதே பறை அதில் சேர்ந்துகொண்டது. ஒத்திகை பார்த்திருந்தால் இப்படி வந்திருக்காது.

டிக்கெட் இல்லை, வாசலில் ஒரு எவர்சில்வர் குண்டான். 100 ரூபாய் போட்டேன். 200 போட்டிருக்கலாம்.