கொடி கரடியான கதை

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடுகிற தூரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். காற்று திரும்பினால் கரும்பலகை வரைக்கும் கருவாட்டு வாசம் வரும். 2023 ஜூனில் நான்காம் வகுப்பு என் கைக்கு வந்தது. அந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் பள்ளிக்கூடம் திறக்கவே இல்லை. 2021 நவம்பரில் திறந்தபோது நேராக இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அதனால் யார் தடுமாறினாலும் ‘கொரோனா பேட்ச்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பையன் ஒளிந்திருந்தான்.

சாமர்த்தியமாக ஒளிந்திருந்தான். புத்தகத்தைத் திறந்து, வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டு கடகடவென்று வாசிப்பான். மூன்று வாரம் நம்பினேன். ஒரு நாள் ஜன்னல் காற்றில் பக்கம் புரண்டது. அவன் நிறுத்தவில்லை. விரல் ஒரு பாடத்தில், வாய் வேறு பாடத்தில். மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான்.

பலகையில் ‘கொடி’ என்று எழுதி வாசிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, “கரடி” என்றான். வகுப்பே சிரித்தது. “கவனத்தை எங்கடா வெச்சிருக்கே?” என்று நானும் கத்தினேன். அப்புறம் ஒரு வாரத்துக்கு அவன் என் முகத்தையே பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் கல்மண்டபத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. ‘கொ’வில் ஒற்றைக் கொம்பு முதலில் நிற்கிறது, நடுவில் க, கடைசியில் துணைக்கால். அந்தக் காலைப் பார்த்தால் ‘ர’ மாதிரியே இருக்கிறது. ஆக, அவன் கண்ணுக்குத் தெரிந்தது கெ, ர, டி. கெரடி என்று ஒரு சொல் கிடையாதே என்று யோசித்து, கரடி ஆக்கியிருக்கிறான்! வரிசை தவறாமல்தான் வாசித்திருக்கிறான். இடப்பக்கம் எழுதும் கொம்பை எழுத்துக்கு அப்புறம் ஒலிக்க வேண்டும் என்பது நமக்கெல்லாம் யாரும் சொல்லாமலே பழகிவிட்டது. அவனுக்குப் பழகவில்லை. (னா, றா, ணா எல்லாம் தனித்தனி வடிவத்தில் சுழித்துக்கொண்டிருந்ததை 1978 எழுத்துச் சீர்திருத்தம் துணைக்காலுக்குள் கொண்டுவந்ததோ, பிழைத்தோமோ. என் பாட்டியின் கடிதங்களைக் கொடுத்திருந்தால் பையன் பள்ளியை விட்டே ஓடியிருப்பான்.)

முதலில் கண் பரிசோதனை. பார்வையில் கோளாறு இல்லை. அப்புறம் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் வந்து பார்த்தார். கற்றல் குறைபாடாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள் என்றார். அம்மாவை வரச்சொன்னேன். ஏலம் முடிந்து மீன் கூடையோடு வந்து வாசலிலேயே நின்றார். “இன்னா மிஸ், புள்ளைக்கு மூளை சரியில்லன்றீங்களா? நாலு பேர் வாங்கின மீனுக்கு வாயாலேயே கணக்குச் சொல்றான்.” கணக்கு சொல்கிற மூளை வேறு ஒன்றும் இல்லை, அதேதான், எழுத்தை ஒலியாக மாற்றுகிற இடத்தில் மட்டும் தட்டுகிறது என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் விளக்கினேன். 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் 21 வகைக் குறைபாடுகளில் இதுவும் ஒன்று, சான்றிதழ் இருந்தால் பின்னால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம் என்றும் சொன்னேன். ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் கூடையை எடுத்துக்கொண்டார். அந்தப் பேச்சை முதலிலேயே எடுத்திருக்கக் கூடாது. மறுபடி அவர் வர இரண்டு மாதம் ஆனது.

அதற்குள் தினமும் பள்ளி விட்டதும் இருபது நிமிஷம் அவனோடு உட்கார்ந்தேன். பழைய கல்யாணப் பத்திரிகையில் ஒரு வரி அகலத்துக்கு ஜன்னல் வெட்டிக் கொடுத்தேன். அதை வரிமேல் வைத்தால் மற்ற வரிகள் மறைந்துவிடும். கொம்புகளுக்கெல்லாம் சிவப்பு மை. “செவப்பைப் பார்த்தா வாயைத் திறக்காதே, அடுத்த எழுத்தையும் பார்த்துட்டுத் திற.” இதுதான் எங்கள் இலக்கணம். சில நாள் நன்றாக வரும். மறுநாள் பார்த்தால் எல்லாம் துடைத்துவிட்ட பலகை. ல, வ இரண்டும் இன்றைக்கும் அவனுக்கு இடம் மாறும். வாசிப்புக்கும் கணக்குக்குமான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று நிலை உண்டு. வருஷக் கடைசியிலும் அவன் அரும்புதான். பதிவேட்டில் அதை எழுதும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

பாடப்புத்தகச் சொற்களை மனப்பாடத்திலிருந்து எடுத்துவிடுவான் என்பதால், புத்தகத்தில் இல்லாத மீன் பெயர்களை அட்டையில் எழுதிக் காட்டுவேன். சங்கரா, வஞ்சிரம், நெத்திலி. ஏப்ரல் 15 வந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரம், ‘கானாங்கெளுத்தி’ என்று ஒரு நீள அட்டையை நீட்டினேன். ஜன்னலை வைத்தான். விரல் நகர்ந்து சிவப்புக் கொம்பில் நின்றது. வாயை மூடிக்கொண்டு அடுத்த எழுத்தைப் பார்த்தான். ஒரு நிமிஷம் போயிருக்கும். “கா… னா… ங்… கெ… ளு… த்… தி.” முழுசாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். முகம் சுளித்தது. அட்டையை என் பக்கம் தள்ளினான்.

“மிஸ், தப்பா எழுதிட்டீங்க. காணாங்கத்தன்னு எழுதணும். வேணா எங்கம்மாவைக் கேளுங்க.”