ஆட்ரி ராணியின் கழுத்து

போன அக்டோபரில், இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவுபசார விருந்து. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போகத் துணிச்சல் வரவில்லை. சுடிதார் போட்டு, கழுத்தில் அம்மா கொடுத்தனுப்பிய முத்து வைத்த அட்டிகையை மாட்டிக்கொண்டு போனேன். தேநீர் ஊற்றிக்கொள்ளும் இடத்தில் ஒரு பெண்மணி என் கழுத்தைக் கண்ணால் காட்டி, பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை சொன்னார். டாட்ரி (tawdry). சிரித்துக்கொண்டே சொன்னாரே, நல்ல வார்த்தைதான் போல என்று நானும் சிரித்து வைத்தேன். அப்புறம் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுப் போனில் தேடிப் பார்த்தேன். பளபளவென்று இருக்கும், ஆனால் மட்டமான மலிவுச் சரக்கு என்று போட்டிருந்தது.

கவரிங்தான், மறுக்கவில்லை. சிதம்பரத்துக்காரிக்குக் கவரிங்கைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். அசல் அட்டிகை என் விசாவுக்கும் விமான டிக்கெட்டுக்குமாக அடகுக்குப் போனது. அதே டிசைனில் கீழவீதியில் ஒன்று தேடிப் பிடித்து, "மூளிக் கழுத்தோட போய் எறங்காதே" என்று அம்மா பெட்டியில் வைத்தாள். இதையெல்லாம் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்மணியிடம் விளக்கவா முடியும்?

அகராதியில் பொருளுக்குக் கீழே அந்தச் சொல் பிறந்த கதையும் இருந்தது. அதைப் படித்ததும்தான் தூக்கிவாரிப்போட்டது. அது பிறந்த இடம் நான் குடியிருக்கும் ஈலி. (அப்பா இன்றுவரை 'எலி' என்றுதான் சொல்கிறார். விலாங்கு மீனிலிருந்து வந்த பெயர் என்று சொல்லியும் பயனில்லை.) கேம்பிரிட்ஜில் வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே வந்தவர்கள் நாங்கள். சதுப்பு நிலத்தின் நடுவே கப்பல் மாதிரி நிற்கும் அந்தப் பெரிய தேவாலயத்தை தினமும் ரயிலிலிருந்து பார்ப்பேன், ஒரு நாளும் உள்ளே போனதில்லை. அந்தச் சனிக்கிழமை கோபத்தோடு போனேன்.

அங்கே இருந்தவள் ஒரு ராணி. இங்கிலாந்து பல சிறு அரசுகளாக இருந்த காலத்தில், அவற்றில் ஒன்றான கிழக்கு ஆங்கிலியாவின் அரசன் அன்னாவின் மகள். அன்னா என்பது ஆண். நம் அண்ணாவை நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது. மகளின் பெயர் எத்தல்த்ரித், வாயில் நுழையாமல் போய்ப் போய் ஆட்ரி ஆகிவிட்டது. முதல் கணவன் சீக்கிரமே இறந்துபோனான். இரண்டாவது கணவன் இன்னொரு அரசான நார்த்தம்பிரியாவின் எக்ஃப்ரித். பன்னிரண்டு வருஷம் அவனோடு இருந்தும் கன்னியாகவே இருந்தாளாம். அவள் மனதை மாற்றினால் நிலமும் பணமும் தருகிறேன் என்று அவன் வில்ஃப்ரிட் என்ற பிஷப்பிடம் கெஞ்சியிருக்கிறான். அவனை நினைத்தாலும் பாவமாகத்தான் இருக்கிறது. கடைசியில் அவள் துறவறம் வாங்கிக்கொண்டு, சதுப்புக்கு நடுவே அன்று தீவாக இருந்த இந்த ஈலியில் 673ல் மடம் கட்டினாள். கம்பளித் துணிதான் உடுப்பாள், நாளுக்கு ஒரு வேளைதான் சாப்பிடுவாள், பெரிய பண்டிகைகளுக்கு முன்னால்தான் வெந்நீர்க் குளியல், அதுவும் மற்றவர்கள் குளித்து முடித்த பிறகு. இந்தக் குளிரில் கம்பளி புரிகிறது, வெந்நீரை விட்டதுதான் புரியவில்லை.

எனக்கு நெஞ்சில் தைத்தது அவள் கழுத்துதான். கடைசிக் காலத்தில் தாடைக்குக் கீழே பெரிய கட்டி வந்தது. சிறுவயதில் ஆசை ஆசையாகக் கழுத்து நிறைய மாலை போட்டுக்கொண்டேனே, அந்தப் பாரத்துக்குப் பதில்தான் இந்தப் பாரம், பொன்னும் முத்தும் இருந்த இடத்தில் இப்போது சிவந்த வீக்கம் என்று அவளே சொன்னதாக பீட் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார். கினெஃப்ரித் என்ற மருத்துவர் கட்டியைக் கீறிவிட்டார். இரண்டு நாள் தேவலை போல இருந்து, மூன்றாம் நாள் வலி திரும்பி, இறந்துபோனாள். அது 679. பதினாறு வருஷம் கழித்து அக்கா செக்ஸ்பர் தோண்டி எடுக்கச் சொன்னபோது உடல் கெடவே இல்லையாம். கீறிய இடத்தில் மெல்லிய தழும்பு மட்டும் இருந்ததாம்.

குடும்பமே புனிதர் குடும்பம். தங்கை வித்பரை டீரம் என்ற ஊரில் அடக்கம் செய்திருந்தார்கள். 974ல் ஈலி மடத்துத் தலைவர் அங்கே போய், ஊர்க்காரர்களுக்கு விருந்து வைத்து, ராத்திரியோடு ராத்திரியாக உடலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உற்சவரையே திருடின கதை! வெறுங்குழியில் ஊற்று பொங்கியதாக டீரம்காரர்கள் ஆறுதல் பட்டுக்கொண்டார்கள்.

தோண்டி எடுத்த ஆட்ரியின் உடலைப் புதிய கல்லறையில் வைத்த நாள் அக்டோபர் 17. அன்று ஈலியில் சந்தை கூடும். கழுத்தில் கட்டும் பட்டு நாடாக்கள் 'செயின்ட் ஆட்ரி' நாடா என்று விற்றன. மாலைக்காக வருந்திச் செத்தவளின் திருவிழாவில் கழுத்தணி வியாபாரம்! செயின்ட்டின் கடைசி ட், ஆட்ரியின் ஆ மேல் ஏறி டாட்ரி ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி விதியைக் கரைத்துக் குடித்த எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. பிறகு சரக்கு மட்டமானது, சொல்லும் மட்டமானது. ஆறு மாதத்தில் கவரிங் கறுத்துப்போகிற மாதிரி.

1541ல் கல்லறைச் சன்னிதியை உடைத்துவிட்டார்கள். இப்போது பீடத்துக்கு முன்னால் தரையில் ஒரு கருநிறக் கல் இருக்கிறது, அவள் இருந்த இடம் இது என்று. அதன் பக்கத்தில் நின்றேன். கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கை பாதி வரை உயர்ந்து இறங்கியது. செருப்போடு நிற்கிறோமே என்றுதான் முதலில் தோன்றியது. பிரகாரத்துக் கல் உள்ளங்காலில் சுடச்சுட, கோபுர வாசலில் பாசிமணி வேண்டுமென்று அழுதுகொண்டு அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி ஓடிய ஆனித் திருமஞ்சனம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

இப்போதெல்லாம் இந்த ஊர் பழகிவிட்டது. பிரட்டும் சாப்பிடுகிறேன், மழையைப் பற்றி முன்பின் தெரியாதவர்களிடமும் பேசுகிறேன். அந்த வார்த்தையும் மறந்துவிட்டது என்றே நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மாவிடம் ஆட்ரி கதையைச் சொன்னேன், விருந்து விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு.

"நகை போட்டுக்கிட்டதுக்கா கட்டி வரும்? அந்த டாக்டரு சரியா பாத்திருக்க மாட்டான்" என்றாள். பிறகு போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். "ஆமா, உன் கழுத்துல என்ன போட்டிருக்க? ஒண்ணுமே தெரியலையே."

குளிருதும்மா என்று மப்ளரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.