கடல் நாகைக் காரோணத்தில் ஓர் ஆவணி ஆயில்யம்

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அப்படியிருந்தும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் அந்த ஊர்க் கோயிலுக்குள் கால் வைக்காமலே இருந்துவிட்டேன். சிவபெருமான் தியாகேசராக எழுந்தருளியிருக்கும் சப்தவிடங்கத் தலங்கள் ஏழில் ஒன்றான திருவாரூரின் நிழலில் பிறந்து வளர்ந்தவன் நான். திருநள்ளாறு, திருக்காறாயில், திருக்குவளை, திருவாய்மூர், வேதாரண்யம் ஆகிய ஐந்துக்கும் ஆண்டுதோறும் போய் வருகிறவன். நாகைக் காரோணம் என்னும் இந்தக் கோயில் ஒன்றுக்கு மட்டும் ஏதாவது ஒரு சாக்கு வந்துவிடும். சென்ற ஆவணியில், நாகை மீனவ நாயனாரான அதிபத்தரின் விழா நெருங்கியபோது, என் மனைவி, "ஏங்க, ஆயில்யத்தன்னிக்கு அதிபத்தரைப் பார்த்துட்டு வருவோமா?" என்று கேட்டபோது எந்தச் சாக்கும் வாயில் வரவில்லை.

போகாமலிருந்ததற்குக் காரணம், அந்தப் பெருமானின் ஆட்டத்துக்கு வழங்கும் பெயர். ஏழு தலங்களிலும் தியாகேசர் ஏழு விதமாக ஆடுகிறார் என்பது எங்கள் பக்கத்து மரபு. ஆரூரில் மூச்சின் ஏற்ற இறக்கம்போல் அசபா நடனம். நள்ளாற்றில் பித்தனைப்போல் உன்மத்த நடனம். வேதாரண்யம் என்னும் மறைக்காட்டில் அன்னத்தின் நடை. நாகையில் எழுந்தருளியிருக்கும் சுந்தர விடங்கருக்குப் பாராவார தரங்க நடனம். பாராவாரம் என்றால் கடல், தரங்கம் என்றால் அலை. கடலலை எழுந்து விழுவதுபோல் ஆடுகிறாராம். என் தந்தையார் இதைச் சொல்லிக் கொடுத்தபோது எனக்குப் பத்து வயதிருக்கும். ஏழு ஆட்டங்களில் இதுதான் அழகு என்று அன்று எனக்குத் தோன்றியது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மார்கழிப் பௌர்ணமி, திருவாதிரையை ஒட்டிய நாள். வீட்டில் களிக்கு அரிசி வறுபட்டுக்கொண்டிருந்த வேளையில்தான், நாகையில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். கடல் ஊருக்குள் வருவது என்றால் என்ன என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. 'சுனாமி' என்ற சொல்லையே அன்று மாலைதான் முதன்முதலாகக் கேட்டோம். மூன்றாம் நாள் நாங்கள் ஆசிரியர்கள் சிலர் ஒரு லாரியில் அரிசியும் பாயும் துணியும் ஏற்றிக்கொண்டு போனோம். அக்கரைப்பேட்டைப் பக்கம் விசைப்படகுகள் வீடுகளுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு கிடந்தன. பிளீச்சிங் பவுடரின் நெடிக்கு அடியில் வேறொரு நெடி இருந்தது. அதைப் பற்றி எழுதப் போவதில்லை. சுவரில் அடையாளம் தெரியாதவர்களின் படங்களை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். ஞாயிறு காலை என்பதால் பிள்ளைகள் கரையில் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பெண்கள் மீன் எடுக்கப் படகுகளுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,065 பேர் என்று பின்னர் கணக்குச் சொன்னார்கள். அந்தச் சுவரின் முன் நின்றபோது என் நெஞ்சில் என் விருப்பமில்லாமலே வந்த சொல், 'பாராவார தரங்கம்.' அன்று திரும்பியவன்தான்.

அதன் பிறகு விளக்கம் சொன்னவர்களுக்குக் குறைவில்லை. முன்வினை என்றார் ஒருவர். பாவம் பெருகிவிட்டது என்றார் இன்னொருவர்; அவர் வீடு கடலிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் உள்ளே இருந்தது. வேளாங்கண்ணியில் மாதா கோயில் நிலைத்து நின்றதை அற்புதம் என்று பலர் உருகிச் சொன்னார்கள். கிறிஸ்துமஸ் முடிந்து அந்த மாதாவைத் தேடி வந்து, கடற்கரையில் நின்று, திரும்பாமலே போன நூற்றுக்கணக்கானவர்களும் அவளுடைய பிள்ளைகள்தாமே என்று அந்த உருக்கத்தின் நடுவில் யாரும் கேட்கவில்லை. எங்கள் சைவத்திலும் இது உண்டு. 'கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணையாவது நமச்சிவாயவே' என்று அப்பர் பாடியதை நானே வகுப்பில் எத்தனையோ முறை கண் பனிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கல் மிதந்து கரையேறியவர் பாடினார், நமக்குப் பாட்டு கிடைத்தது. கரையேறாதவர்கள் எந்தப் பாட்டையும் விட்டுச் செல்வதில்லை என்பது சுவரில் அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சித்தாந்தம் படித்த நண்பர் ஒருவர் இன்னும் நுட்பமாகப் பேசினார். அழித்தல் என்பது தண்டனையன்று, பிறந்து பிறந்து களைத்த உயிருக்கு இறைவன் தரும் இளைப்பாற்றல் என்று சிவஞான சித்தியார் சொல்வதை எடுத்துக்காட்டினார். நான் அந்த நூலை மதிக்கிறவன். எண்பது வயதில் நோயில் கிடந்து போன என் தாயாரின் சாவை அந்தச் சொல்தான் எனக்குத் தாங்கும்படியாக்கியது. ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு என்ன இளைப்பு? நண்பர் பல பிறவிகளின் இளைப்பு என்றார். தர்க்கத்தில் அவர் பக்கம் ஓட்டை இல்லை. அந்தப் பதிலை அக்கரைப்பேட்டையில் ஒரு தாயின் முன் நின்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் பேசாமலிருந்தார். அவர் நேர்மையானவர்.

நிலவியல் சொல்வது வேறு வகை. இந்தியத் தட்டு வடக்கே ஆசியாவை முட்டித் தள்ளியதால் இமயம் எழுந்தது. அதே தட்டு கிழக்கே சுமத்ரா ஓரத்தில் இன்னொரு தட்டின் அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. அங்கே நெடுங்காலம் இறுகிக் கிடந்த பிடி அன்று காலை ஆறரை மணி அளவில் 9.1 அளவு அதிர்ச்சியுடன் விடுபட்டது. பெருமானின் மலை என்று நாம் கும்பிடும் இமயத்தை உயர்த்தியதும், அவருடைய அலையாட்டத் தலத்தின் கரையைச் சிதைத்ததும் ஒரே நகர்வுதான். படித்தபோது இது எனக்கு ஏனோ கொஞ்சம் அமைதி தந்தது. எங்கள் ஊரை யாரும் குறிவைக்கவில்லை என்ற அமைதியாக இருக்கலாம். ஆனால் அதே பக்கத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது. சுமத்ராவில் கிளம்பிய அலை இங்கே வந்துசேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கிறது. அந்த இரண்டரை மணி நேரமும் பிள்ளைகள் கரையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பு இல்லை. ஹைதராபாத்தில் அது 2007 அக்டோபரில்தான் வந்தது. 2012 ஏப்ரலில் மீண்டும் சுமத்ராவை ஒட்டி 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் உள்ளே போனார்கள். கடலடி நிலத்தின் நகர்வை இறைவன் திருவுள்ளம் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். அந்த இரண்டரை மணி நேரத்தை மட்டும் அவர் கணக்கில் எழுத நான் ஒப்பமாட்டேன். அது நம் கணக்கு.

இப்படி ஒரு பாதிக் கணக்கை மட்டும் தீர்த்துக்கொண்ட மனத்தோடுதான் நாகை ரயில் நிலையத்தில் இறங்கினேன்.

கோயிலில் அன்று நல்ல கூட்டம். நீலாயதாட்சி அம்மன் சந்நிதியின் முன்னுள்ள நந்தியை என் மனைவிதான் காட்டினாள். அது ஒரு கண்ணால் அம்பாளையும் மறு கண்ணால் சுவாமியையும் பார்க்கிறது என்பார்கள். இரட்டைப் பார்வை நந்தி. தியாகேசர் சந்நிதியில் நெடுநேரம் நின்றேன். எதுவும் கேட்கவில்லை. கோபமும் பக்தியும் ஒன்றாக வந்தால் வாய் இயல்பாகவே மூடிக்கொள்கிறது.

அதிபத்தர் சந்நிதியில் கூட்டம் நகராமல் நின்றது. அறுபத்துமூவரில் ஒருவரான அவர் இந்த நாகையின் நுளைப்பாடியைச் சேர்ந்த மீனவர், பரதவர் தலைவர். நாள்தோறும் வலையில் படும் மீன்களில் தலைமீன் ஒன்றைச் சிவனுக்கு என்று கடலிலேயே விடுவது அவர் நியமம். ஒரு காலத்தில் வலையில் மீன் படுவது குறைந்து, நாளுக்கு ஒரே ஒரு மீன் என்றானது. அதையும் விட்டார். சுற்றம் பசியில் வாடியது, அவர் உடலும் தளர்ந்தது. அப்படியே பல நாள் சென்ற பின், பொன்னும் மணியுமாக உலகையே விலை பேசக்கூடிய ஒரு மீன் படுகிறது. அன்றைக்கும் அந்த ஒன்றுதான். அதையும் சிவனுக்கென்று விட்டார். விடையேறிப் பெருமான் காட்சி தந்தார்.

இந்தக் கதையை இறைவன் வைத்த சோதனை என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். வரிசையில் நின்ற அரைமணி நேரத்தில் எனக்கு அது வேறாகத் தெரிந்தது. சோதனை என்ற சொல் கதையின் முடிவை அறிந்த நமக்குத்தான் வாய்க்கிறது. ஒற்றை மீனைக் கையில் ஏந்தி நின்ற நாளில் அதிபத்தருக்குத் தங்கமீனைப் பற்றித் தெரியாது, விடைமேல் வரப்போகிறவரையும் தெரியாது. வீட்டில் எரியாத அடுப்பு மட்டுமே தெரியும். அவர் யாருடைய திட்டத்தையும் படித்துப் புரிந்துகொண்டு அந்த மீனை விடவில்லை. சுனாமிக்கு விளக்கம் சொன்ன நாங்கள் எல்லோரும், இன்னும் வராத ஒரு தங்கமீனைக் கையில் வைத்திருப்பவர்கள்போலப் பேசிக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாக இருந்தது. அந்த வரிசையில் அவருடைய பட்டினியில் கிடந்த சுற்றத்தாரைப் பற்றியும் நினைத்தேன். அவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்டதாகப் புராணத்தில் இல்லை. அந்த முள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

சுவாமி கடற்கரைக்கு எழுந்தருளும் நேரத்தில் நாங்களும் நடந்தோம். மீனவக் கிராமத்தார் சீர்வரிசைத் தட்டுகளோடு முன்னே போனார்கள். தங்கள் குலத்துப் பெரியவருக்கு எடுக்கும் விழா என்ற உரிமை அவர்கள் நடையிலேயே இருந்தது. மணலில் ஓர் ஓரமாக, சுவாமி நன்றாகத் தெரியும்படி கடலுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். பக்கத்தில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர் நின்றிருந்தார்.

"ஐயா, கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்காதீங்க," என்றார்.

கடல் அவர்களுக்குத் தாய், முதுகு காட்டுவது மரியாதைக் குறைவு போலும் என்று எண்ணி விலகி நின்றேன். பேச்சுத் தொடர்ந்தது. அவருக்கு இரண்டு பிள்ளைகள் அன்று போய்விட்டார்கள். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்த தாய்மார்களுக்கு அதை மாற்றும் அறுவை சிகிச்சைக்கு அரசு உதவியபோது இவரும் செய்துகொண்டு, பின்னர் ஒரு பெண் பிறந்திருக்கிறாள். கல்லூரியில் படிக்கும் அந்தப் பெண் சற்றுத் தள்ளித் தோழிகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டேன்: "அம்மா, சாமி மேல கோபம் இல்லையா?"

"கோவம் இல்லாமலா? ஆறு வருசம் விளக்கு ஏத்தல. இந்தப் பக்கமே வரல." பிறகு மகளைக் காட்டி, "இவ பொறந்ததால வந்தேன்னு நெனச்சிராதீங்க. அதுங்களுக்குப் பதிலா இவளா? அப்படி ஒரு கணக்கு உண்டா? வீட்டுல ஒருத்தர்கிட்டயும் அத பேச முடியல. இவங்க அப்பா எந்திரிச்சு வெளிய போயிருவாரு. அங்க போய் நின்னு ஏசினா, கேட்டுக்கிட்டு நிக்கிறாரு. அதான் வர்றேன்," என்றார்.

எனக்குச் சுந்தரர் நினைவு வந்தது. கண் போன துயரத்தில் ஆரூர்ப் பெருமானிடமே வந்து, 'வாழ்ந்து போதீரே' என்று, நீரே நன்றாக இருந்துகொள்ளும் என்று ஏசியவர் அவர். அந்த ஏச்சையும் தேவாரம் என்றே தொகுத்து, எங்கள் ஊரில் இன்றும் பாடுகிறோம். அதை அந்த அம்மாளிடம் சொல்ல நினைத்தேன். என் நண்பரின் இளைப்பாற்றலைப் போல இதுவும் ஒரு விளக்கமாகிவிடும் என்று தோன்றியதால் சொல்லவில்லை.

அதிபத்தரின் உருவத்தைப் படகில் ஏற்றினார்கள். படகு அலை ஏறி இறங்கிப் போயிற்று. தங்கமீனைக் கடலில் விட்டபோது கரையிலிருந்து பார்த்த எங்களுக்கு மீன் தெரியவில்லை, தூக்கிய கை மட்டும் தெரிந்தது. குலவையும் 'நமச்சிவாய' முழக்கமும் ஒன்றாக எழுந்தன. என் மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

தீபாராதனைக்கு மணியடித்தது. மணலில் நின்ற கூட்டம் முழுவதும் கடலை விட்டுச் சுவாமியின் பக்கம் திரும்பிக் கைகூப்பியது. நானும் திரும்பினேன். அந்த அம்மாள் திரும்பவில்லை. ஒரு தோள் சுவாமிக்கும் ஒரு தோள் கடலுக்குமாக, கரையோடு பக்கவாட்டில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். இடையிடையே கண் கடல் பக்கம் போய், மகள் நிற்கும் இடத்தைத் தொட்டுவிட்டு, மீண்டும் தீபத்துக்கு வந்தது. சுற்றிலும் பார்த்தேன். அவர் வயதையொத்த பெண்கள் இன்னும் சிலர் அப்படியே நின்றிருந்தார்கள். மரியாதை என்று நான் புரிந்துகொண்டது தவறு.

தீபம் சுற்றி வரும் வரை நானும் கால்களைச் சற்றுத் திருப்பி, அவரைப் போலவே நின்றுகொண்டேன்.