தவளை வளர்ப்பதென்றால் ஈ வளர்ப்பது

நச்சு அம்புத் தவளையின் தோலில் இருக்கும் ஆல்கலாய்டு நஞ்சு, காட்டில் அது தின்னும் எறும்பு, சிற்றுண்ணி, சிறு வண்டு போன்றவற்றிலிருந்து வந்து சேர்வது. அந்த இரை கிடைக்காத கண்ணாடித் தொட்டியில் பிறந்து, பழ ஈயைத் தின்றே வளர்ந்த தவளையிடம் அந்த நஞ்சு சேர்வதில்லை. டொராண்டோவில் எங்கள் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் "மாமா, இதைத் தொட்டா செத்துப்போயிடுவோமா?" என்று கேட்கும்போதெல்லாம் நான் சொல்லும் பதில் இதுதான். ஜான் டேலியும் அவருடைய சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பச்சையும் கறுப்புமான ஆரட்டஸ் இனத் தவளைகளைப் பனாமாவில் காட்டுச் சருகுப் பூச்சிகளைக் கொடுத்து வளர்த்தபோது அவற்றின் தோலில் ஆல்கலாய்டுகள் சேர்ந்தன. பழ ஈ மட்டும் தின்று வளர்ந்தவற்றின் தோலில் அவை தென்படவில்லை. இரையை மாற்றினால் தவளையின் உடலே மாறிவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. வளர்ப்பவனின் பொறுப்பும் அங்கேதான் தொடங்குகிறது.

காட்டில் பிடித்த தவளையின் கதை வேறு. கொலம்பியாவின் பசிபிக் கரையில் வாழும் எம்பெரா மக்கள் ஊதுகுழல் அம்பின் நுனியைத் தேய்த்து எடுப்பது ஃபில்லோபேட்டிஸ் டெரிபிலிஸ் என்னும் பொன்னிறத் தவளையின் முதுகில்; அந்த இனத்தைப் பிடித்துவந்து கூண்டில் வைத்தாலும் அதன் நஞ்சு ஆண்டுக்கணக்கில் முழுதும் மறைவதில்லை. நச்சு அம்புத் தவளைக் குடும்பத்தில் ஏறத்தாழ 200 இனங்கள் இருந்தும், அம்புக்குப் பயன்பட்டவை விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே. நஞ்சு இல்லாத தவளையையும் நான் கையில் எடுப்பதில்லை. தண்ணீரையே தோல் வழியாகப் பருகும் உயிருக்கு நம் விரலில் இருக்கும் உப்பும் சோப்பும் தீங்கு செய்யும்.

என்னிடம் இருப்பவை டிங்க்டோரியஸ் இனத்தின் நீல வகை, ஓர் இணை. சுரினாமின் தெற்கே சிபலிவினி புல்வெளியின் நடுவே தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் காட்டுத் திட்டுகளில், ஓடைக் கரைப் பாறைகளுக்கிடையே வாழ்வது இதன் இயல்பு. வெப்பமண்டலம் என்ற சொல்லைக் கேட்டதும் சூடு வேண்டும் என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் நிழலும் ஈரமும் நிறைந்த காட்டுத் தரையில் பழகிய இந்தத் தவளைக்கு 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை போதும், 30 டிகிரியைத் தாண்டிய வெப்பம் நீடித்தால் உயிருக்கே ஆபத்து. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் தொட்டிக்குள் காலையும் மாலையும் நீர் தெளித்து ஈரப்பதத்தை 80 சதவீதத்துக்குக் குறையாமல் வைக்கிறேன். இங்கே குழாய் நீரில் கிருமிநாசினியான குளோரமைன் கலந்திருக்கிறது. அது இரவெல்லாம் திறந்துவைத்தாலும் போகாது என்பதால் வடிகட்டித் தூய்மையாக்கிய நீரையே பயன்படுத்துகிறேன்.

வேலையின் பெரும்பகுதி ஈ வளர்ப்பதுதான். பறக்க முடியாத பழ ஈயில் இரண்டு வகை உண்டு: சிறியதான மெலனோகாஸ்டர் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அடுத்த தலைமுறையைத் தந்துவிடும், பெரியதான ஹைடெய்க்கு அதைவிட நாளாகும். உருளைக்கிழங்குத் தூள், சர்க்கரை, ஈஸ்ட், கொஞ்சம் வினிகர், பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பட்டைத் தூள் எல்லாவற்றையும் கூழாகப் பிசைந்து, காற்றுப் புகும் மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, ஈக்கள் ஏறி நிற்க மரச்சீவல் சுருளைச் செருகி, பழைய டப்பாவிலிருந்து கொஞ்சம் ஈக்களைத் தட்டிவிட வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய டப்பா தொடங்காவிட்டால், ஒன்று தீரும் நாளில் அடுத்தது பொரிக்காமல் நிற்கும். கடையில் போய் உடனே வாங்கிவரலாம் என்ற நம்பிக்கை பனிக்காலத்தில் செல்லாது. மாதத்துக்கு மேல் ஆன டப்பாவைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும், ஏனென்றால் அதில்தான் சிற்றுண்ணி பெருகி மற்ற டப்பாக்களுக்கும் பரவும்.

ஈயை அப்படியே கொடுப்பதில்லை. கிண்ணத்தில் கால்சியம், வைட்டமின் டி3 கலந்த தூளைப் போட்டு, அதில் ஈக்களைக் கொட்டிக் குலுக்கினால் அவை வெள்ளையாகிவிடும். தொட்டிக்குள் உதறியதும் பெண் தவளை தலையைத் தாழ்த்தி ஓர் ஈயை உற்றுப் பார்க்கும். அதன் பின்னங்காலின் நடுவிரல் மட்டும் தந்தி அடிப்பதுபோல் படபடவென்று தரையைத் தட்டும், உடலின் வேறெந்தப் பகுதியும் அசையாது. அடுத்த நொடி ஈ இருந்த இடம் வெறுமையாக இருக்கும். நாக்கை வீசும் இந்தத் திறன் வைட்டமின் ஏ குறைந்தால் கெட்டுவிடுகிறது: நாவின் பசை குன்றி, இரையை நோக்கிப் பாய்ந்தும் பிடிக்க முடியாமல் தவளை பட்டினியால் வாடும். காரட்டில் இருக்கும் வகையான பீட்டா கரோட்டினை நம்பி இருக்கக்கூடாது. ரெட்டினால் என்ற நேரடி வைட்டமின் ஏ வடிவில் இருக்கும் தூளைக் குறைவாகவும் முறையாகவும் கொடுக்க வேண்டும். திறந்த தூளை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதில் பயனில்லை. தவளைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவர்கள் இந்தச் சிறு புட்டியில் சிக்கனம் பார்ப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

தொட்டியின் அடியில் நீர் வடியக் களிமண் உருண்டைகள், மேலே வலை, அதன்மேல் மண்கலவை, எல்லாவற்றுக்கும் மேல் தடிமனாகச் சருகு. நம் ஊரில் சாலையோரம் கூட்டித்தள்ளும் நாட்டு வாதாம் இலையை இங்கே பணம் கொடுத்து வாங்குகிறேன். சருகுக்குள் ஸ்பிரிங்டெயில், ஐசோபாட் என்ற சிற்றுயிர்கள் எச்சத்தையும் பூஞ்சையையும் தின்று தொட்டியைத் துப்புரவாக்கி, இடைத்தீனியாகவும் ஆகின்றன. பாதிக் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து அதனடியில் பெட்ரி தட்டு என்ற தட்டையான ஆய்வகத் தட்டை வைத்தால் அங்கே பெண் தவளை முட்டையிடும். பொரித்த தலைப்பிரட்டைகளை முதுகில் சுமந்து நீருக்குக் கொண்டுபோவது தந்தை. இரண்டு பெண்களை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றையொன்று அமிழ்த்திச் சண்டையிடும் என்பதால், அகன்ற விரல்நுனியை வைத்து ஆணை உறுதிசெய்த பிறகே இணை சேர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து எழுதிக் கேட்பவர்களுக்கு நான் ஊக்கம் தருவதில்லை. சென்னையின் கோடையில் இரவும் பகலும் குளிரூட்டி ஓட வேண்டும். 2022ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத் திருத்தத்துக்குப் பின், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்தாக வேண்டும். இந்தத் தவளைகளின் முக்கிய இனங்கள் 1987 முதல் அந்த உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. கள்ளக்கடத்தலில் பெட்டிக்குள் அடைபட்டு வழியிலேயே சாகும் தவளைகளை எண்ணியாவது, வளர்ப்பகத்தில் பிறந்ததற்குச் சான்று காட்டாத விற்பனையாளரிடம் எவரும் வாங்கக்கூடாது. கொலம்பியாவில் ஐவன் லொசானோ நடத்தும் டெசோரோஸ் டி கொலம்பியா என்ற தவளை வளர்ப்பகம் அரசு உரிமத்துடன் அரிய இனங்களைப் பெருக்கி ஏற்றுமதி செய்வதால், கடத்தல்காரரிடம் போக வேண்டிய தேவையே குறைகிறது. சற்றுக் கூடுதல் விலை என்றாலும் அந்த வழியையே நான் ஆதரிக்கிறேன்.

உலகெங்கும் தவளை இனங்களை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சையை அறிவியலாளர்கள் 1999இல் முதன்முதலாக விவரித்ததே, வாஷிங்டன் தேசிய விலங்குக்காட்சியகத்தில் இறந்த ஒரு நீல நச்சு அம்புத் தவளையிலிருந்து பிரித்தெடுத்த மாதிரியைக் கொண்டுதான். அதனால் புதிதாக வரும் எந்தத் தவளையும் எங்கள் வீட்டில் முதலில் ஈரக் காகிதம் விரித்த தனிப் பெட்டியில், வேறு அறையில், தனிக் கிண்ணத்தோடு இருக்கும். எச்சப் பரிசோதனையும், தோலைப் பஞ்சால் தடவி எடுக்கும் பரிசோதனையும் நோயில்லை என்று மருத்துவரிடமிருந்து வந்த பின்னரே தொட்டிக்குள் போகும். அதுவரை அந்தப் பெட்டியில் தெளித்த நீரைத் தோட்டத்து மண்ணில் ஊற்றாமல், பிளீச் கலந்தே வடிகாலில் விடுகிறேன்.