அம்மாவின் 1.1

மே 20, 2025

சாயங்காலம் ஆறு மணிக்கு ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. நேற்றுக் காலை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ரத்தம் எடுத்துப்போனார்கள். வீட்டுக்கே வந்து எடுக்கிற பேக்கேஜ். வருசத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துவிடணும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

அப்பா தாளில் கிட்னி வடிக்க வேண்டிய இரண்டு கழிவுகள்: கிரியேட்டினின் 1.4, யூரியா 48. இரண்டு வரியும் தடித்த எழுத்தில், பக்கத்தில் 'ஹை' என்று போட்டு. அம்மா தாளில் கிட்னி பகுதியில் எதுவும் தடிக்கவில்லை. சர்க்கரை மட்டும் எப்போதும்போல ஏறியிருக்கிறது. அம்மா தாளை மடித்து பீரோவில் வைத்துவிட்டு அப்பா தாளையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தம்பி சென்னையிலிருந்து கூப்பிட்டான். போன வருச ரிப்போர்ட்டையும் போனில் வைத்திருக்கிறான். "அக்கா, போன வருசம் 14 இருந்துச்சு. இப்ப 48. மூணு மடங்குக்கா." குரல் உடைந்துபோயிருந்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போன வருசம் வேறு லேப். அதில் இருப்பது 'பியூஎன்', அதாவது ரத்தத்து யூரியாவில் நைட்ரஜன் எவ்வளவு என்கிற கணக்கு. இந்த லேப் முழு யூரியாவாகவே போட்டிருக்கிறது. யூரியாவின் மூலக்கூறு எடை 60, அதில் நைட்ரஜன் 28. வகுத்தால் 2.14. 48ஐ அதால் வகுத்தால் 22 சொச்சம் வருகிறது. 14இலிருந்து 22. ஏறித்தான் இருக்கிறது, ஆனால் மூன்று மடங்கு கிடையாது. பத்து நிமிசம் விளக்கிய பிறகுதான் தம்பி மூச்சுவிட்டான்.

அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். "டயாலிசிஸ் பண்ணணுமாம்மா?" டிப்போவில் அவரோடு வண்டி ஓட்டியவர் வாரம் மூன்று நாள் மதுரைக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்தார். அப்பாவுக்குக் கிட்னி என்றாலே அவர் முகம்தான்.

மே 21

விசயம் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அத்தை வாழைத்தண்டு சாறு கொண்டுவந்தார். பெரியப்பா நெருஞ்சிமுள் கசாயம் காய்ச்சச் சொன்னார். யாரோ நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்றார்களாம், அப்பா மத்தியானத்துக்குள் மூன்று லிட்டர் குடித்துவிட்டு வயிறு உப்பி உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் பிரியத்தில் செய்வதுதான். ஆனால் என்ன நோய் என்றே தெரியாமல், நோய் இருக்கிறதா என்றே தெரியாமல் மருந்து கொடுக்கிறோமே என்று பதறுகிறது. டாக்டரைப் பார்க்கிறவரை கசாயம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி தூக்கம் வராமல் ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்தேன். எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் 'ஜாஃபே கைனடிக்' என்று இருந்தது. மேக்ஸ் ஜாஃபே என்கிற விஞ்ஞானி 1886இல் கண்டது: காரத்தில் கலந்த பிக்ரிக் அமிலத்தோடு கிரியேட்டினின் சேர்ந்தால் செம்மஞ்சள் நிறம் வரும். அந்த நிறம் எவ்வளவு அடர்த்தி என்று அளந்துதான் இன்றும் பல லேப்களில் கிரியேட்டினின் சொல்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறவள் நான், பிக்ரிக் அமிலத்தைப் பற்றி எத்தனையோ வருசம் பாடம் நடத்தியிருக்கிறேன். அது அப்பாவின் ரத்தத்தோடு கலந்து நிறம் மாறியதை நினைத்தபோது, இந்த 1.4 வானத்திலிருந்து விழுந்த தீர்ப்பு போலத் தெரியவில்லை. ஒரு சோதனைக் குழாயில் எடுத்த அளவீடு. அளவீடு என்றால் முன்னே பின்னே இருக்கும், அன்றைக்கு என்ன நடந்தது என்பதும் அதில் சேரும்.

மே 23

டாக்டரம்மா தாளைப் பார்ப்பதற்கு முன்னால் அப்பாவைத்தான் பார்த்தார். "ரத்தம் குடுக்க முந்தின நாள் என்னய்யா சாப்பிட்டீங்க?"

குலசாமி கோயிலில் கெடாவெட்டு! எனக்கு அது தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பொட்டல் வெயிலில் நின்று பந்தி பரிமாறினார் அப்பா. தண்ணீர் குடிக்க நேரமில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்து நிறையக் கறி சாப்பிட்டார். விடிந்ததும் ரத்தம் எடுத்துவிட்டார்கள்.

டாக்டரம்மா சொன்னது இது. நம் தசையில் கிரியேட்டின் என்று ஒரு பொருள். அது தேய்ந்து வருகிற கழிவுதான் கிரியேட்டினின். சிறுநீரகம் அதை வடித்து வெளியே தள்ளுகிறது. ஆட்டுக்கறியும் தசைதானே, வேகும்போது அதிலிருக்கிற கிரியேட்டினும் கிரியேட்டினினாக மாறும். அதைச் சாப்பிட்டால் சில மணிநேரத்துக்கு ரத்தத்தில் அளவு கூடும். உடம்பில் நீர் வற்றினாலும் யூரியாவும் கிரியேட்டினினும் ஏறும். "ரெண்டு வாரம் கழிச்சு திரும்பப் பாப்போம். முந்தின நாள் கறி வேணாம். தாகத்துக்குத் தண்ணி குடிங்க, அது போதும். ஒரு தடவை பாத்த நம்பரை வச்சு நாள்பட்ட கிட்னி வியாதின்னு யாரும் சொல்ல மாட்டோம், மூணு மாசத்துக்கு மேல நீடிச்சாத்தான் அந்தப் பேரு."

எழுந்துகொள்ளப் போனோம். அம்மா வாசல் பக்கம் நின்றிருந்தார். டாக்டரம்மா, "அவங்களுக்கும் எடுத்தீங்கன்னீங்களே, அந்தத் தாள் எங்க?" என்றார். போனில் இருந்ததைக் காட்டினேன். கிரியேட்டினின் 1.1. லேப் போட்டிருக்கிற எல்லை 0.6 முதல் 1.3 வரை. தடிக்கவில்லை.

அவர் உடனே அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். எடை 46 கிலோ. வயது 61. சர்க்கரை வந்து பதினோரு வருசம். தன் போனில் எண்களைப் போட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். ஈஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டுகிற வேகத்தின் கணக்கு, 57.

வீட்டுக்கு வந்து நானே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். சிகேடி-எபி என்கிற 2021ஆம் வருசத்துச் சூத்திரம். கிரியேட்டினின், வயது, ஆணா பெண்ணா, இவ்வளவுதான் அதற்கு வேண்டும். அப்பாவுக்கு 1.4க்கு 55. அம்மாவுக்கு 1.1க்கு 57. தாளில் ஒருவருக்குத் தடித்த எழுத்து, ஒருவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் இருவருடைய வடிகட்டும் வேகமும் கிட்டத்தட்ட ஒன்று. அப்பாவுக்கே 1.1 இருந்திருந்தால் 74 வந்திருக்கும். அம்மாவுக்குத் தசை குறைவு, அதனால் கழிவும் குறைவாகத்தான் உண்டாகும். அவ்வளவு குறைவாக உண்டாகியும் 1.1 தேங்கி நிற்கிறது என்றால் வடிகட்டி சரியாக வேலை செய்யவில்லை. லேப் ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து ஒரே எல்லை போட்டிருக்கிறது. அந்த எல்லைக்குள் அம்மா மறைந்துபோயிருக்கிறார்.

மூன்று நாளாக அந்தத் தாள் பீரோவில் சேலைக்கடியில் கிடந்தது. இதை எழுதும்போது எனக்குக் கண்ணில் நீர் வருகிறது.

மே 24

நேற்று எழுதாமல் விட்டது. டாக்டரம்மா அம்மாவிடம் "வலிக்கு ஏதாவது போடுறீங்களா?" என்று கேட்டார். அம்மா இல்லை என்றார். அப்புறம் "முட்டி வலிக்கு மட்டும், ராத்திரி ஒண்ணு" என்றார். எவ்வளவு நாளாக? "ரெண்டு வருசம் இருக்கும்." நாள் முழுக்கத் தையல் மெசினை மிதிக்கிற கால்கள் அவை.

சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அட்டையிலிருந்து கத்தரியால் வெட்டிய நான்கு மாத்திரைத் துண்டு. பேர் இருந்த பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது. அம்மா கையில் இருந்த வெள்ளித்தாளில் பாதி வெட்டுப்பட்ட ஒரு தேதியும் விலையில் இரண்டு இலக்கமும் மட்டும். ஓரத்தைக் கட்டைவிரலால் நீவி நீவி மழுங்கியிருந்தது. டாக்டரம்மா சொல்லி நான் கடைக்குப் போய்க் கேட்டுவந்தேன். டைக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் கலந்தது. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும், தினமும் போட்டால் சர்க்கரைக்காரர்களுக்கு ஆபத்து கூடுதல்.

அதைவிட வேதனை இன்னொன்று. சர்க்கரை மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ராத்திரி மெட்ஃபார்மினை அம்மா பல நாள் விட்டிருக்கிறார். எது காப்பாற்றுமோ அதை விட்டுவிட்டு எது கெடுக்குமோ அதை விழுங்கியிருக்கிறார். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்காதும்மா. கட்டுப்படாத சர்க்கரைதான் கெடுக்கும். ஈஜிஎஃப்ஆர் 45க்குக் கீழ போனா நாங்க அளவைக் குறைப்போம், 30க்குக் கீழ போனா நிறுத்துவோம். அது எங்க வேலை. நீங்களா நிறுத்தாதீங்க."

ஜூன் 9

அப்பா: கிரியேட்டினின் 1.1, யூரியா 29. அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேறு என்ன எழுத.

அம்மா: வலி மாத்திரையை நிறுத்தியதும் 1.0 ஆகியிருக்கிறது, ஈஜிஎஃப்ஆர் 64. அப்பாடா என்று நினைத்தேன். ஆனால் காலை முதல் சிறுநீரில் எடுத்த ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம், அதாவது ரத்தத்தில் இருக்கிற ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் எவ்வளவு கசிகிறது என்கிற கணக்கு, 86. முப்பதுக்குக் கீழே இருக்கணும்.

போன மாதத்து பேக்கேஜிலும் சிறுநீர் பார்த்தார்கள், அதில் 'ஆல்புமின் இல்லை' என்றுதானே இருந்தது என்று கேட்டேன். அது குச்சியை முக்கி நிறம் பார்க்கிற சோதனை, கொஞ்சமாகக் கசிந்தால் குச்சிக்குத் தெரியாது என்றார் டாக்டரம்மா. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறாமலேயே வடிகட்டியில் ஓட்டை விழ ஆரம்பிக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்கு ரத்தச் சோதனையோடு இந்த விகிதத்தையும் வருசம் ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். பதினோரு வருசத்தில் அம்மாவுக்கு இதுவே முதல் தடவை.

ரத்தக் கொதிப்பும் 146க்கு 88. டெல்மிசார்ட்டன் என்கிற கொதிப்பு மாத்திரையை டாக்டரம்மா ஆரம்பித்தார். வடிகட்டிக்குள் அழுத்தத்தைக் குறைக்கும், கசிவும் குறையும். "கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும், பயப்படாதீங்க. முப்பது சதவீதம் வரைக்கும் பொறுத்துக்கலாம். பொட்டாசியம் ஏறுதான்னு ரெண்டு வாரத்துல பாக்கணும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஜூன் 25

பொட்டாசியம் 5.6. ஐந்தைத் தாண்டினாலே கவனிக்கச் சொல்வார்கள், அதிகமானால் இதயத் துடிப்பையே குலைக்கும். கை கால் ஓடவில்லை. வாழைப்பழமும் இளநீரும் வீட்டைவிட்டுப் போயின.

டாக்டரம்மா தாளின் அடியில் இருந்த வரியைக் காட்டினார்: 'ஹீமோலைஸ்டு சாம்பிள்'. சோதனைக்கு எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன என்று அர்த்தம். பொட்டாசியம் அணுக்களுக்குள்ளேதான் அடைந்து கிடக்கும், வெளியே இருப்பதைப்போல இருபது மடங்குக்கும் மேல். அணு உடைந்தால் அத்தனையும் வெளியே கொட்டும். அம்மாவுக்கு நரம்பே கிடைக்காமல் அந்தப் பையன் மூன்று இடத்தில் குத்தினான். கையை மூடித் திற, மூடித் திற என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும். அப்புறம் குழாயைப் பையில் போட்டுக்கொண்டு இன்னும் நாலு வீடு போனான். பாவம், அவனுக்கும் வெயில்தான்.

இன்றைக்கே லேபுக்கு நேரில் போய்த் திரும்பக் கொடுத்தோம்.

ஜூன் 26

4.6. கிரியேட்டினின் 1.1. மாத்திரை தொடர்கிறது. அம்மா பழக்கூடையைத் திரும்பக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்.

செப்டம்பர் 13

மூன்று மாதம் தாண்டிவிட்டது. கிரியேட்டினின் 1.0. ஆல்புமின் விகிதம் 38. மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற சர்க்கரை அளவு 8.1இலிருந்து 7.2.

64 என்றால் அறுபதுக்கு மேல்தானே, ஒன்றுமில்லை என்று சொல்லலாமா என்று கேட்டேன். டாக்டரம்மா மறைக்கவில்லை. கசிவு மூன்று மாதத்துக்கு மேல் நிற்பதால் இதற்கு நாள்பட்ட சிறுநீரக நோய் என்றுதான் பேர், ஆரம்ப நிலை. "நல்ல நேரத்துல பாத்துட்டோம்" என்றார். அந்தச் சொல் எனக்குப் போதும்.

ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். தேதி, கிரியேட்டினின், ஈஜிஎஃப்ஆர், ஆல்புமின் விகிதம், பொட்டாசியம். கடைசிக் கட்டத்தில் முந்தின நாள் என்ன சாப்பிட்டார், என்ன மாத்திரை போட்டார், எந்த லேப். இரண்டாவது பக்கம் அப்பாவுக்கு. அவர் தன் வரிகளைத் தானே எழுதிக்கொள்கிறார்.

திரும்பி வரும்போது முட்டிக்குத் தேய்க்கிற தைலமும், தாங்க முடியாத நாளில் போட டாக்டரம்மா அனுமதித்த பாராசிட்டமாலும் வாங்க மருந்துக் கடையில் நின்றோம். பையன் அட்டையையும் கத்தரியையும் எடுத்தான். அம்மா கவுண்டருக்கு மேல் கையை நீட்டித் தடுத்தார்.

"பேரு இருக்கிற பக்கமாப் பாத்து வெட்டிக் குடு தம்பி."