ஒரு மாதிரி வந்துச்சு

போன தை மாதம் ஒரு நாள், ராத்திரி ஒன்றரை மணிக்கு போன் அடித்தது. இங்கிலாந்தில் அப்போது இரவு எட்டு மணி, பகல் ஷிஃப்ட் முடிகிற நேரம். மார்த்தாண்டத்தில் என்னிடம் ஓஇடி என்கிற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துவிட்டு அங்கே நர்சாகப் போன குலசேகரம் பக்கத்துப் பெண். எடுத்ததுமே அழுகை.

"அக்கா, ஒரு பெரியவர்கிட்ட என்னெல்லாமோ பேசிட்டேன்."

எண்பது தாண்டிய மனுஷர். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து கிடந்தவர். அன்று காலையில் இவள் சட்டை மாற்றிவிடும்போது, கூடிய சீக்கிரம் நான் 'புஷிங் அப் த டெய்ஸீஸ்' என்றாராம். டெய்சி பூச்செடி என்று இவளுக்குத் தெரியும். "வெரி குட், தோட்ட வேலை உடம்புக்கு நல்லது" என்று உற்சாகமாகச் சொல்லியிருக்கிறாள். அவர் இவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்காலம்வரை பேச்சில்லை. பிறகு கூட வேலை பார்க்கிறவர் அர்த்தம் சொல்லிக்கொடுத்தார். செத்து மண்ணுக்குள் போய், கல்லறைமேல் முளைக்கிற டெய்சிகளைக் கீழேயிருந்து தள்ளிக்கொண்டு கிடப்பேன் என்பது.

"நீங்க தந்த நோட்ல இது இல்லையே அக்கா" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த நோட்டை எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் நான் சேர்ந்த பயிற்சி மையத்தில் தயாரித்தது. ஆங்கில மரபுத்தொடர்கள் ஐந்நூறு, அகர வரிசையில், பக்கத்தில் தமிழ் அர்த்தம். பூனையும் நாயுமாக மழை கொட்டுவதெல்லாம் அதில் உண்டு. வார்டில் படுத்திருப்பவர் மழையைப் பற்றியா பேசப்போகிறார்? மனப்பாடம் செய்யச் சொல்லி, வெள்ளிக்கிழமைதோறும் பரீட்சையும் வைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அது தப்பு.

பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் ஓஇடியை ஏற்றுக்கொண்டது 2017 நவம்பரில். பேச்சுத் தேர்வில் ஆளுக்கு இரண்டு ரோல் பிளே, அதாவது நோயாளியோடு பேசுவதுபோல நடித்துக் காட்டுவது, ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம், கார்டைப் படித்துத் தயாராக மூன்று நிமிஷம். பி கிரேடுக்கு 350 வேண்டும். நல்ல தேர்வுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கார்டில் உள்ள நோயாளி சொல்ல வேண்டியது இன்னதென்று முன்பே எழுதியிருக்கும். கட்டிலில் கிடப்பவர் அப்படி இல்லை. சொல்ல வந்ததைச் சுற்றி வளைத்துத்தான் சொல்லுவார்.

இது எனக்குத் தெரியாத விஷயமா? அதே 2017 நவம்பரில் நான் கடற்கரைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். மாதக் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கமெல்லாம் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள். ஓர் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். மார்பில் கைவைத்து, "வெப்ராளமா இருக்கு மக்ளே, வெப்ராளமா இருக்கு" என்று அதையே சொன்னார். டியூட்டி டாக்டர் வடக்கே ஏதோ மாவட்டத்துக்காரர், சின்னப் பையன். வெப்பம் என்று காதில் விழுந்திருக்கிறது. எரிச்சல் என்று எடுத்துக்கொண்டு கேஸ் மருந்து எழுதினார். வெப்ராளம் என்றால் உள்ளே கிடந்து தவிக்கிற தவிப்பு. நான் சொன்ன பிறகு எழுந்து வந்து, "யாரும்மா கடலுக்குப் போயிருக்காங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மாவுக்கு அழுகையே வந்தது.

இவ்வளவும் பார்த்தவள், வகுப்பில் மட்டும் ஐந்நூறு தொடரைக் கையில் கொடுத்துப் படி என்றேன்.

போன் வந்த மறுநாள் நோட்டை ஒதுக்கி வைத்தேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா நடத்திய தகுதி வழக்கு ஓர்மைக்கு வந்தது. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. ஒன்று வெளிப்படையாகச் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது. ஒன்று அமங்கலத்தை நல்ல சொல்லால் மூடுவது. மற்றது ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் பேசிக்கொள்வது, பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதுபோல. ஆங்கிலத்துக்கும் இந்த மூன்று அறை போதுமென்று பட்டது. ஷிஃப்ட் மாறும்போது அங்கே சொல்லுகிற 'ஆப்ஸ்' குழூஉக்குறி. நாடி, பிரஷர், காய்ச்சல் எல்லாம் பார்த்தாயா என்று கேட்கிறார்கள். நாம் வெளிக்குப் போவது என்கிறோம், ஒண்ணுக்கு என்கிறோம். அங்கே ஒரு பாட்டி 'ஸ்பெண்ட் எ பென்னி' என்பார். ஒரு பென்னி காசு போட்டால்தான் பொதுக் கழிப்பறைக் கதவு திறக்கும் என்றிருந்த காலத்துப் பேச்சு. 1971இல் அந்தப் பழைய பென்னியே மாறிப்போனது, பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது. 'வாட்டர்வொர்க்ஸ்' சரியில்லை என்றால் வீட்டுக் குழாய் அல்ல, சிறுநீர்ப் போக்கில் கோளாறு.

சாவுக்கு நம்மிடம் இல்லாத சொல்லா? காலமானார், தவறிட்டாங்க, போய்ச் சேர்ந்துட்டார். எங்கள் ஊர்ச் சுவரில் ஒட்டுகிற போஸ்டரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். என் தாத்தா கடைசிக் காலத்தில், "நாளைக்கு நான் தென்னைக்கு உரம்" என்பார். நாங்கள் யாரும் அதற்கு விவசாயத்தைப் பற்றிப் பதில் சொன்னதில்லை. பாட்டி மட்டும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

இப்போது என் வகுப்பில் முதல் வாரம் ஆங்கிலமே கிடையாது. வீட்டில், பக்கத்து வீட்டில் உள்ள வயசானவர்களிடம் போய், வலியை அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு, அவர்கள் வாயில் வந்தபடியே எழுதி வரவேண்டும். அண்டி ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்து முந்திரிக் கொட்டை உடைத்த பாட்டியின் இடுப்பு, விடியற்காலம் ரப்பர் பால் வெட்டப் போகிற மாமாவின் முட்டு. பிள்ளைகள் கொண்டுவருவதைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். விண்விண்ணென்று தெறிக்குது, சுள்ளென்று குத்துது, உளையுது, கடுக்குது, காந்துது, வயிற்றைப் பிசையுது. இவற்றைப் பலகையில் எழுதிவிட்டுத்தான் எதிரே 'த்ராபிங்', 'ஸ்டாபிங்', 'டல் ஏக்', 'பர்னிங்', 'நாயிங்' என்று வைக்கிறோம். சரியாகப் பொருந்தாததும் உண்டு. உளைச்சலுக்கும் கடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே 'ஏக்'கில் சொல்லிவிட முடியாது என்று ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. கால் மரத்துப்போய்க் குறுகுறுப்பதற்கு 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்'. முன்பெல்லாம் இதைக் கேட்டதும், எந்த ஊசி, யார் போட்டது என்று கேட்டவர்கள் உண்டு.

நான் மிகவும் நேரம் எடுத்து நடத்துவது 'ஃபன்னி டர்ன்'. ஃபன்னி என்றதும் நம் பிள்ளைகளுக்கு முகத்தில் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்பு ஆபத்து. திடீரென்று தலை கிறங்கியிருக்கலாம், ஒரு நிமிஷம் நினைவு தப்பியிருக்கலாம், பக்கவாதத்துக்கு முன்னெச்சரிக்கையாகக்கூட இருக்கலாம். நம்மூர் ஆச்சி, "ஒரு மாதிரி வந்துச்சு மக்ளே" என்று சொன்னால் எந்த சிஸ்டரும் சிரிப்பதில்லை. கையைப் பிடித்து உட்காரவைத்து, என்ன மாதிரி, எப்போ, விழுந்தீங்களா என்று கேட்போம். அதே கேள்விகள்தான். புரியாத எந்தச் சொல்லுக்கும், அப்படியென்றால் உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்கச் சொல்கிறேன். கேட்பதில் வெட்கம் வேண்டாம். தலையாட்டிவிட்டு நகர்வதைத்தான் நான் விடுவதில்லை.

அந்தப் பெண் மறுநாள் ஷிஃப்டில் பெரியவரிடம் போய், நேற்று எனக்குப் புரியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாளாம். அவர் கட்டில் ஓரத்தைக் கையால் தட்டிக் காட்டியிருக்கிறார். உட்கார்ந்திருக்கிறாள். அவர் மனைவியைப் பற்றிச் சொன்னாராம்.

மாசியில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஓடிக்கொண்டே பேசியதுபோல மூச்சு வாங்கியது. "அக்கா, இன்னைக்கு ஒரு அம்மா ஃபன்னி டர்ன்னு சொன்னாங்க. நான் சிரிக்கல. படுக்கவச்சும் நிக்கவச்சும் பிரஷர் பாத்தேன், நிக்கும்போது நல்லா இறங்கிடுச்சு. சுகர் பாத்தேன், டாக்டரைக் கூப்பிட்டேன். நோட்ஸ்ல அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே எழுதியிருக்கேன்."